முன்பணம் கொடுத்த கல்

தொண்ணூற்றொன்பது டிசம்பர்.
ஜெகதேவி ரோட்டுக் கல் யார்டில்
ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வாளி தண்ணீர் கேட்டார் லியோங்.
நான் அளவு எழுதுகிறவள்.
கிரேன் ஓட்டும் திம்மராயன் ஊற்றுவான்,
காயும்வரை மூவரும் நிற்போம்.
கல் முழுக்கக் காய்ந்த பின்னும்
விரிசல் மட்டும் ஈரமாய் இருக்கும்.
அதைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வருகிறார்.

எந்த ஊர் என்றேன்.
மக்காவ்.
மெக்காவா, என்றான் திம்மராயன்.
அளவுச் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
பெரிய தேசம், அதன் விளிம்பில்
புளியங்கொட்டை அளவு.
நானூற்றுச் சொச்சம் வருடம் போர்ச்சுகீசியர் கையில்;
இருபதாம் தேதி திரும்புகிறது.

போக்கியத்துக்கு விட்ட நிலம் மாதிரியா?
போக்கியம் என்றால் என்னவென்று
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அரைமணி நேரம் சொன்னேன்.
சிரித்தார்.
இருபத்தைந்து வருடம் முன்பே
எடுத்துக்கொள் என்று வைத்திருந்தவனே சொன்னானாம்.
சொந்தக்காரன்தான்
இப்போது வேண்டாம், இருக்கட்டும் என்றானாம்.
பணமில்லாமலா?
இல்லை, அவசரமில்லாமல்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?
தம்பிக்குச் சந்தோஷம். பட்டாளம் வந்தால்
மீன் கடைத் தெருவில் துப்பாக்கிச் சத்தம் நிற்குமாம்.
மனைவி போர்ச்சுகல் பாஸ்போர்ட்டை
அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள்.
மாமனாருக்குக் கொடிக்கம்பத்தின் எதிர் வீடு:
கயிறு அதேதானே, என்கிறார்.
நீங்கள்?
அடுத்த கல்லுக்கு வாளி கேட்டார்.

பத்தொன்பதாம் தேதி, லோடு ஏற்றும் ராத்திரி.
எங்கள் ஒன்பதரை அவருக்கு நள்ளிரவு.
கேபிள்காரனோடு சண்டை போட்டு
எந்தச் சேனலையோ பிடித்தான் திம்மராயன்.
ஒரு கொடி இறங்கியது.
மற்றது ஏறுமுன் கரண்ட் போய்விட்டது.
இருட்டில் லியோங்கின் குரல்:
ஏறிவிட்டதா?
ஏறியிருக்கும், என்றேன்.

கிளம்பும் நாளில்
ஒரு கருங்கல்லில் சிவப்பு பெயிண்டால் நம்பர் போட்டு
முன்பணம் எண்ணிக் கொடுத்தார்.
லாரி சொல்லவா?
கிடக்கட்டும். கல் எங்கே போகும்?

பிறகு அவர் வரவில்லை.
ஐந்தாவது வருடம் எங்களைத் தருமபுரியிலிருந்து பிரித்து
கிருஷ்ணகிரி மாவட்டம் என்றார்கள்.
ரவுண்டானாவில் பட்டாசு வெடித்தது.
என்னை யாரும் கேட்கவில்லை;
ஒரு புது ரப்பர் ஸ்டாம்பு மட்டும் வந்தது.
பழையது இன்னும் மேஜை டிராயரில்.
யார்டு மூன்று கை மாறியது.
வருகிற ஒவ்வொரு முதலாளியும் அந்தக் கல்லைக் கேட்பார்.
விற்றாச்சு என்பேன்.
எடுக்கவே இல்லையே?
ரசீதைக் காட்டுவேன்.

போன சித்திரை வெயிலில், யாருமில்லாத மத்தியானம்,
அதன்மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன்.
மேல்முகம் காய்ந்தது. ஓரங்கள் காய்ந்தன.
நம்பருக்குக் கீழே, ஒரு முழம் நீளத்தில்
மயிரிழை ஒன்று
காயாமல் கிடந்தது.

அன்றைக்கும் இருந்திருக்கும்.
பார்த்துத்தான்
நம்பர் போட்டிருக்கிறார்.