எஸ்ஸா, இசெட்டா

செவ்வாய்க்கிழமை பத்தரைக் கூட்டத்தில்
தினுக அந்தச் சொல்லைச் சொன்னான்.
யாரும் நிமிரவில்லை.
நான் மட்டும் கொப்பியின் ஓரத்தில்
காதில் விழுந்தபடி எழுதினேன்:
கனோனிக்கலைஸ்.

சீட்டுக் காட்டினால் மட்டும்
பாமசியில் எடுத்துத் தரும்
ஏதோ குளிசை போல இருந்தது.

மதியம், சோற்றுப் பார்சலை மடித்து எறிந்துவிட்டு
அகராதியில் தேடினேன்.
பல வடிவில் கிடக்கும் ஒன்றை
விதித்த ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல்.
அந்த வினைக்கே இரண்டு வடிவம்:
லண்டனுக்கு எஸ், அமெரிக்காவுக்கு இசெட்.
அவசரக்காரர்கள் அதன் பெயர்ச்சொல்லில்
முதலையும் கடைசியையும் வைத்துக்கொண்டு
நடுவில் பதினான்கு எழுத்தைத் தூக்கிவிட்டு
பதினான்கு என்று இலக்கத்தில் போடுகிறார்கள்.
ஊரையெல்லாம் சீராக்க வந்த சொல்
தன் தலையைச் சீவ மறந்திருந்தது.

கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன்.
ஸ்.
தமிழுக்கு அந்தச் சண்டையே தெரியாது.

வேலை இதுதான்.
பொரளையில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கம்பனி,
பதினெட்டுக் கிளை,
கிளைக்கொரு கீபோர்ட், கீபோர்டுக்கொரு காது.
ஞானலெட்சுமி என்றொருத்தி வந்து பெயர் சொன்னால்
ஒருவர் ஜீயில் தொடங்குவார்,
ஒருவர் கேயில்,
கொம்பனித்தெருவில் இருப்பவர்
எதற்கு வம்பென்று நேரே என்னுக்குப் போய்விடுவார்.
லெட்சுமிக்கு நடுவே சிலர் எக்ஸ் போடுவார்கள்,
கணக்கில் தெரியாததற்குப் போடுவது போல.
ஞ என் அண்ணத்தில் ஒட்டிய எழுத்து.
அந்தப் பக்கம் போக அதற்கு வீதி இல்லை,
ஆளாளுக்கு ஓர் ஒழுங்கை.

விதி எழுதினேன்:
ஒலி ஒத்து, தெரு ஒத்து, பிறந்த திகதியும் ஒத்தால்
ஆள் ஒன்று.
அதிகம் வந்த எழுத்துக்கூட்டே பெயர்,
மிச்சமெல்லாம் மறுபெயர் என்ற பெட்டிக்குள்.
இரவு ஓடவிட்டேன்.
ஜன்னலுக்குக் கீழே தெமட்டகொடை யார்டில்
எஞ்சின் ஒன்று பெட்டிகளை
இடித்து இடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது.
விடியும்போது நாலாயிரத்துச் சொச்சம் பேர் குறைந்திருந்தார்கள்.
தினுக கட்டைவிரல் அனுப்பினான்.
அந்த வினையை முதல் தடவையாக
இறந்தகாலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
கூச்சமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

வியாழன், கொட்டாஞ்சேனைக் கிளையிலிருந்து கோல்.
ஞானலெட்சுமிக்குச் சீனி முன்னூற்றுப் பத்து.
அதே ஞானலெட்சுமிக்கு, அதே காலை, தொண்ணூற்றிரண்டு.
ஒரே தெரு.
ஒரே திகதி, ஜனவரி ஒன்று.

பத்திரம் எரிந்தவர்களுக்கு, ஓடும்போது விட்டுவந்தவர்களுக்கு
ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு கிளாக்
நிரப்பிக் கொடுத்த திகதி.
தேடினேன்.
எங்கள் அட்டவணையில் ஜனவரி ஒன்றில் மட்டும்
அறுநூற்றுப் பதினேழு பேர் பிறந்திருந்தார்கள்.
எனக்கு முன்னமே யாரோ
இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார்கள்,
சொல் தெரியாமலே.

இதற்கு எதிர்ச்சொல் என்ன என்று
தினுகவைக் கேட்டேன்.
யோசித்தான்.
பேக்கப் இருக்கிறதுதானே, என்றான்.

பிரித்தேன்.
சீனியைச் சீனிக்காரியிடம் கொடுத்து,
பசியோடு வந்த இரத்தத்தை மற்றவரிடம் கொடுத்து.
உறுதிசெய்ய அந்த மற்றவரை அழைத்தேன்.
பின்னால் பாண் ஓட்டோவின் பாட்டு.
அம்மா, உங்கட பேரை இங்கிலீசில
எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ.
ஜீ, என்றார்.
என்.
பிறகு ஓட்டோ ஒழுங்கையைக் கடந்து போகும்வரை
ஒன்றும் வரவில்லை.
உங்களிட்ட எப்பிடிக் கிடக்கோ
அப்பிடியே போடுங்கோ பிள்ளை.

பெட்டிக்குள் கர்சர் நின்று நின்று மின்னியது.
என்னிடம் ஏழு கிடந்தன.