இடைப்பட்ட காலத்தில்

பெங்களூரில் என் பெயரை நீக்கிவிட்டார்கள்.
நானேதான் கேட்டேன்.
ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் தந்தார்கள்.
பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த ஊரில்
ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை என்பது
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

சென்னையில் இன்னும் சேர்க்கவில்லை.
முதல் தடவை, புகைப்படத்தின் பின்னால் வெள்ளை போதாது.
இரண்டாம் தடவை, இனிஷியல்.
அங்கே அ. ஜெசிந்தா. ஆதாரில் ஜெசிந்தா அ.
முன்னால் போன அப்பா பின்னால் வந்த காரணத்தை
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப்போனேன்.
நோட்டரி முத்திரையை ஊதிக் குத்திவிட்டு
"ரெண்டும் ஒரே ஆள்தானே?" என்றார்.
"எனக்குத் தெரிந்தவரை."

ஐந்து மாதமாக
காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம்
அடைக்கலம் மெடிக்கல்ஸில் உதவியாளர்.
சம்பளமும் உதவியாளருடையதுதான்.
சுவரில், சட்டம் போட்ட கண்ணாடிக்குள்
மருந்தாளுநர் சோலையப்பன் இருக்கிறார்
முப்பது வயதில், மீசையோடு.
மாதக் கடைசியில் மீசையில்லாமல் வந்து
முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டு
ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்.

வியாழக்கிழமை மதியம் பஞ்சவர்ணம் வந்தாள்.
கானாடுகாத்தானில் யாருடையதோ வீட்டுக்குக் காவல்.
அவர்கள் சிங்கப்பூரில்.
எழுபத்தொரு பூட்டு.
திறந்து, கூட்டி, மூடி
விரல் கணுவெல்லாம் நெல்லிக்காய்.
சீட்டை நீட்டினாள்:
மெத்தோட்ரெக்ஸேட். தினம் ஒன்று. முப்பது.

அது வாரத்துக்கு ஒன்று போடுகிற மாத்திரை.
தினம் போட்டால் முதலில் வாய் புண்ணாகும்.
அப்புறம் இரத்தம் ஊறுவது நின்றுபோகும்.

டாக்டரை அழைத்தேன்.
"பார்மசிஸ்ட்டா பேசுறது? ரெஜிஸ்டர் நம்பர்?"
நாக்கில் வந்தது பழைய எண்,
ஓசூர் தாண்டியதும் செத்துப்போனது.
புதியது யார் மேசையிலோ முளைக்கவேண்டும்.
"சோலையப்பனைப் பேசச் சொல்லும்மா."
வைத்துவிட்டார்.

சோலையப்பன் பொன்னமராவதியில் கல்யாணப் பந்தியில்.
மேளத்துக்கு மேல் கத்தினேன்:
தினம் இல்லை சார், வாரம்! வாரம்!
"வாரணுமா? இப்ப எப்படிம்மா வாரது,
இலை போட்டாச்சே!"

புரிந்ததும் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஏழு நிமிடத்தில் டாக்டரே கூப்பிட்டார்.
"வாரம் ஒன்னுதான். அவசரத்துல எழுதிட்டேன்.
சோலையப்பன் நல்லா கவனிச்சிருக்கார்."

அட்டையில் நான்கை மட்டும் வெட்டினேன்.
"முப்பதுன்னு இருக்காமே, சரக்கு இல்லையா?"
என்று சந்தேகப்பட்டாள் பஞ்சவர்ணம்.
ஞாயிற்றுக்கிழமை, கறி எடுக்கிற நாளில் ஒன்று என்றேன்.
"நான் எங்கத்தா வாராவாரம் கறி எடுக்குறேன்?"
யோசித்துவிட்டுக் கேட்டேன்:
எல்லாப் பூட்டையும் திறக்கிற நாள் எது?
"வெள்ளி."
அன்றைக்கு ஒன்று. கடைசிப் பூட்டைப் பூட்டினதும்.
மற்ற நாள் தொடக்கூடாது.
தலையாட்டினாள். திருப்பிச் சொல்லச் சொன்னேன்.
சொன்னாள்.

பில்லில் சோலையப்பன் எண்.
மீதி இருபத்தாறு பெட்டிக்குள் போயிற்று.
கொடுக்காத மாத்திரைக்குப் பில் கிடையாது.

சாயங்காலம் சென்னையிலிருந்து குறுஞ்செய்தி.
விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.
இடைப்பட்ட காலத்தில் தாங்கள்
தொழில் எதுவும் செய்யவில்லை என்பதற்கு
உறுதிமொழிப் பத்திரம் இணைக்கவும்.

நோட்டரி ஆறு மணிவரை இருப்பார்.