கோரி டிவிஷன்

“இடம்?”
“கோரி.”
“எதைக் கோரி?”
பிரதேச செயலகத்தில், ஏழு பேர்ச் காணிக்கான படிவத்தின்மேல்
எழுதுவினைஞரின் பேனா நின்றது.
இடத்தின் பெயரே அதுதான் சேர், என்றேன்.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

அவரைக் குறை சொல்ல முடியாது.
சம்பள உயர்வு கோரி, தண்ணீர்க் குழாய் கோரி,
கக்கூசுக்கு ஒரு கதவு கோரி
எங்கள் பக்கமிருந்து போகும் எல்லாத் தாளிலும்
நடுவில் அந்தச் சொல் குந்தியிருக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து பன்னிரண்டு வளைவு.
மூன்று பக்கம் பாறை, ஒரு பக்கம் திறப்பு,
மலையை யாரோ அகப்பையால் வழித்துத் தின்ற மாதிரி
ஒரு குழிவு.
அதற்குள் ஐந்து லயம், ஒரு மடுவம், ஒரு மாதா சுருவம்.
பின்னேரம் மூன்றரைக்கு மூட்டம்
அடியிலிருந்து பொங்கி வரும்,
அடுப்பு மட்டும் கண்ணில் படாது.

ஆவணியில் ஒருத்தி வந்தாள்.
மழைச்சட்டை, முழங்கால் வலி,
கடவுச்சீட்டில் இஸொபெல் கோரி.
பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று
பலகையையும் தன்னையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னாள்.
எடுத்தேன். முதல் படத்தில் பாதி என் விரல்.

சுப்பவைசர் ரெஜினோல்ட் மொழிபெயர்த்தார்,
கொஞ்சம் தன் சொந்தச் சரக்கும் சேர்த்து:
ஸ்கொட்லாந்து மலைப்பக்கம் அந்தச் சொல்லுக்கு
முதலில் கொப்பரை என்றுதான் பொருளாம்.
பிறகு பனிக்கட்டி மலையில் குடைந்த பள்ளம்.
பிறகு ஆட்களுக்குக் குடும்பப் பெயர்.
பிறகு ஊர் ஊராகப் போய்ப்
பழம்பாட்டுப் பாடினவர்களுக்கும் அதே பெயர்.
ஒரு பானைக்கு இவ்வளவு சொந்தக்காரர்.

இங்கே பனிக்கட்டி
டவுனில் குமரையா கடைப் பெட்டிக்குள் மட்டும்.
எங்கள் பள்ளத்தைக் குடைந்தது மழை.
இன்னும் வேலையை முடிக்கவில்லை;
போன வருசம் நாலாம் லயத்தின் பின்சுவர்வரை
வந்து பார்த்துவிட்டுப் போனது.
அதற்குப் பிறகுதான் இந்தப் படிவம்.

மடுவத்து வாசலில் அவள் ஒரு பாட்டு எடுத்தாள்.
தொண்டை கரகரத்தது, வெட்கப்படவில்லை.
துஷாந்தன் காமன்கூத்துத் தப்பை இறக்கி,
பழைய பேப்பர் கொளுத்தித் தோலைக் காய்ச்சி,
நாலு அடி போட்டான்.
பாறை இரண்டையும் வாங்கிக்கொண்டு
மூன்று தரம் திருப்பித் தந்தது,
எது எவர் வீட்டுச் சத்தம் என்று பிரிக்காமல்.
ரெஜினோல்டுக்கு அப்போது வேலையில்லை.

போகுமுன் கேட்டாள்:
உங்கள் பாஷையில் இதற்கு என்ன அர்த்தம்?
‘கேட்டு’ என்றேன்.
கேட்டு, பிறகு?
பிறகு ஒன்றுமில்லை. அவ்வளவுதான் சொல்.
வினையெச்சம் என்று எட்டாம் வகுப்பில் படித்தது,
முடித்துவைக்க இன்னொரு சொல் வரவேண்டும்.
ரெஜினோல்ட் அதை எப்படிச் சொன்னாரோ,
அவள் திரும்பிப் பலகையை மறுபடி வாசித்தாள்.

பலகைக்காரர் அவளுடைய முப்பாட்டனின் தம்பியாம்.
மூன்று வருசம் இருந்து காய்ச்சலில் போனவர்.
மூன்று வருசத்துக்கு ஒரு மலை முழுக்க அவர் பேர்.
எனக்குப் பதினெட்டுக் கிலோ நிறைந்தால் ஒரு பேர்,
பதினேழென்றால் அரைப்பேர்.
இருபத்திரண்டு வருசத்துப் பேரையும் அரைப்பேரையும் கூட்டினால்
ஒரு ஆளை என்னவென்று கூப்பிடுவது?
இதை அவளிடம் கேட்கவில்லை. விருந்தாளி.
தேத்தண்ணி கொடுத்தோம்,
எங்களுக்குக் கிடைக்கிற தூளில்.

எழுதுவினைஞர் கடைசியில் எழுதினார்:
கோரி.
பெரிய முற்றுப்புள்ளி, மை ஊறிப் பரவியது.
கையெழுத்துக்கென்று பேனாவை என் பக்கம் நீட்டினார்.
முதலில்
அந்தப் புள்ளிக்குக் கீழே ஒரு சின்ன வால் இழுத்தேன்.
பிறகு என் பேர், முழுசாக.
கட்டத்துக்கு வெளியிலும் கொஞ்சம் போயிற்று.