ஒரு சிவப்புக்கு ஒரு ஆள்

மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஆறு பிள்ளைகள்.
பைகள் பின்னால், தண்ணீர் பாட்டில்கள் கம்பியில்,
பொன்மாரிக்கு என் சீட்டின் ஓரத்தில் பாதி இடம்.
சிம்மக்கல் நூலகத்துப் புத்தகம் ஒன்றே ஒன்று.
ஓடும்போது படித்தால் செர்லினுக்கு வாந்தி வரும்.
அதனால் சட்டம் போட்டிருக்கிறார்கள்:
சிக்னலில் மட்டும்தான் வாசிப்பு,
ஒரு சிவப்புக்கு ஒரு ஆள்.

யானைக்கல்லில் யானை வரவில்லை.
அழுங்குதான் வந்தது.
"ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்" என்றாள் ஜெஸிமா.
"சுருண்டதைச் சாக்கில் போட்டுக்கொள்வது எளிது"
என்ற அடுத்த வரியையும் அதே குரலில் வாசித்தாள்.
பச்சை விழுந்தது.
பாலம் முடியும்வரை ஒருத்தரும் பேசவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.
ஹாரன் மாதிரி அதுவும் ஆட்டோவில் ஒரு பார்ட்.
குறுக்கே வருகிறவன் எருமை,
கையைக் காட்டாமல் திரும்புகிறவன் கழுதை.
சோடாபுட்டிக் கண்ணாடி யதுநந்தன்
ஒரு ஷூவோடு வாசலில் நிற்கும் காலைகளில்
"என்னடா தேவாங்கு மாதிரி முழிக்கிற, ஏறு" என்பேன்.
மற்ற ஐந்தும் சிரிக்கும்.
ஜூனிலிருந்து அதுதான் அவன் பெயர்.

வியாழக்கிழமை, கோரிப்பாளையம்.
அவன் முறைக்கு அந்தப் பக்கம் வந்தது.
தாளைத் திருப்பியவன் படத்தைப் பார்த்தான்.
படமும் அவனைப் பார்த்தது.
சிக்னல் பெட்டியில் அறுபத்தெட்டு, அறுபத்தேழு.
"வாசிடா" என்றாள் பொன்மாரி, மெதுவாக.

"தேவாங்கு இரவில் விழித்திருக்கும்.
இருட்டில் பூச்சி தேட அதற்குப் பெரிய கண்கள்.
அவசரப்படாது. கிளையிலிருந்து கிளைக்கு
ஒவ்வொரு கையாகப் பற்றிப் போகும்.
கடவூர்ப் பக்கத்து முள்காடுகளில் இருக்கிறது.
அதன் கண்ணில் மருந்து உண்டென்று நம்பி மனிதர்கள்..."

அங்கே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.
துடைத்து முடிக்க ஒன்பது எண்கள் செலவாயின.
புத்தகத்துக்கு ஜெஸிமா கை நீட்டினாள். தரவில்லை.
மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதை
அவனே வாசித்தான், எங்கும் தடுக்காமல்.
"இன்று மிச்சம் இருப்பவை..."

எண் இருக்க வேண்டிய இடத்தில்
நூலகத்தின் ஊதா முத்திரை.
அறுபதா, அறுநூறா, ஆறாயிரமா,
ஆறு தலையும் முட்டிப் பார்த்தும் தெரியவில்லை.
"அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா எத்தனைன்னு?
தெனமும் நீங்கதான சொல்வீங்க."

எனக்குத் தெரிந்தது ஒன்று.
நத்தம் சந்தையில், ஒரு ஜோசியக்காரனின் கூடைக்குள்.
சீட்டெடுக்கப் பழக்கியிருந்தான்.
உச்சி வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல்
விரல் விரலாக நீட்டி எனக்கொரு சீட்டெடுத்தது.
இரண்டு ரூபாய் கொடுத்தேன்.
சீட்டில் என்ன வந்தது என்பது ஞாபகமில்லை.
பிள்ளைகளிடம் இதைச் சொல்லவுமில்லை.
பச்சை எப்போதோ விழுந்து
பின்னால் ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு டவுன் பஸ்
கட் அடித்து என் முன்னால் நின்றது.
வாயைத் திறந்தேன்.
எந்த மிருகம் வரப்போகிறதென்று
ஆறு பேரும் காத்திருந்தார்கள்.
மூடிக்கொண்டேன்.
"எருமை நெறைய இருக்குண்ணே, பரவாயில்ல"
என்றாள் செர்லின்.

மஞ்சளில் பறந்தவன் நான்.
இப்போது தமுக்கத்துப் பச்சை தூரத்தில் தெரிந்தாலே
ஆக்ஸிலேட்டரைத் தளர்த்திவிடுகிறேன்.
பின்னால் வருகிறவன் என் அம்மாவை இழுக்கிறான்.
இழுக்கட்டும்.
சிவப்பு விழுகிறது. தொண்ணூறு.
இன்றைக்கு வரையாடு, பொன்மாரியின் முறை.
கிளட்சில் கையை வைத்தபடி
எல்லோரும் அந்த எண் இறங்கக் காத்திருக்கிறார்கள்.
யதுநந்தன் மட்டும்
பெட்டியையே முழித்துப் பார்த்தபடி சொல்கிறான்:
"சீக்கிரம் வாசி. கொறஞ்சுக்கிட்டே வருது."