வெள்ளைப் போர்டு

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு
செங்குன்றம் பேருந்து நிலையத்தில்
எங்களுக்கு வேண்டியது வெள்ளைப் போர்டு.
வேறு வண்டிகள் வரும்,
கதவைத் திறந்து ஆசை காட்டும்,
தலையை ஆட்டிவிடுவோம்.
காசில்லாச் சீட்டில் போய்த்தான்
ஆற்றைப் பார்ப்பது என்று
முதல் நாளே முடிவு, பெனினாவுக்கும் எனக்கும்.

அவளுக்குச் சூளையில் கண்ணாடிக் கடை வேலை.
ஆறு நாளும் அடுத்தவர் பார்வையைச் சரிபார்க்கிறவள்.
நான் வியாசர்பாடியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
சின்னச் சின்னக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுகிறேன்.
இருவருக்கும் முழங்கால் வலி.
அவளுக்கு இடது, எனக்கு வலது என்பதால்
சேர்ந்து நடக்க முடிகிறது.

"தாமரைப்பாக்கம் பக்கம் யாரு இருக்காங்க உங்களுக்கு?"
சீட்டைக் கிழித்தபடி நடத்துனர்.
யாருமில்லை.
"கோயிலா?"
இல்லை.
"மனை பாக்கவா?"
அதுவும் இல்லை என்றதும்
எங்கள்மேல் அவருக்கு லேசாகக் கோபம் வந்தது.
"நடக்கப் போறோம்ணே. ஆத்தோரமா."
"நடக்கவா!"
அந்தச் சொல்லைப் பின்படிக்கட்டு வரை எடுத்துப்போய்
யாரிடமோ காட்டினார்.
அங்கே சிரித்தார்கள்.

வண்டி திரும்புமிடம் ஒரு வாகை மரம்.
அதற்கப்பால் தார் இல்லை,
அம்புக்குறி இல்லை.
செங்கல் சூளைக்குப் போகும் டிராக்டர்
இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறது.
சூளை தாண்டினால் வேலிக்காத்தானுக்குள் ஒற்றைக் கோடு.
ஆடுகள் போட்டது.
ஆடுகளுக்கு நேராகப் போகத் தெரியாது,
முள் எங்கே என்று தெரியும்.

பத்து நிமிடத்தில் கரை.
கொசஸ்தலை:
பெரும்பாலும் மணல்,
மீதியில் பாதி கோரை,
நடுவே ஒரு வேட்டி அகலத்துக்குத் தண்ணீர்.
நத்தைகுத்தி நாரை ஒன்று நின்றிருந்தது.
முழுக்க மூடாத அதன் அலகு இடுக்கில்
அக்கரை தெரிந்தது,
ஒரு மாடும்.

அணைக்கட்டில் திருப்பிவிட்டால் சோழவரம்,
பிறகு புழல்,
பிறகு எங்கள் தெருக் குழாய்.
முகம் கழுவி நிமிர்ந்த பெனினா சொன்னாள்:
"வீட்டுக்கு வர்றப்ப இதுக்குக் குளோரின் நாத்தம்.
இங்க ஆட்டு நாத்தம்.
ரெண்டுல எது தண்ணியோட சொந்த வாசனை?"
எனக்குத் தெரியவில்லை.
குப்பியில் பிடித்து
பெயர் ஒட்டத்தான் தெரியும்.

ஒரு ஆற்றைத் தவணையில் நடந்தோம்.
மேற்கே ஒரு வாரம், கிழக்கே ஒரு வாரம்,
ஐப்பசி முழுக்க விடுமுறை.
கார்த்திகையில் அவள் செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது;
ஒற்றைச் செருப்போடு ஏறியவளைப் பார்த்து
நடத்துனர் ஒன்றும் கேட்கவில்லை,
முன்சீட்டுக்குக் கீழேயிருந்து
யாரோ மறந்துவிட்டுப் போன ரப்பர் செருப்பை
காலால் தள்ளிவிட்டார்.
கோதண்டன் என்று சட்டைப் பட்டையில் படித்தோம்.

தை மாதம் ஒரு ஞாயிறு,
வாகை மரத்தடியில் வண்டி திரும்பி நின்றது.
ஓட்டுநர் டீக்குப் போனார்.
பின்னால் சில்லறை குலுங்கும் சத்தம்.
"எவ்ளோ தூரம்?
பதினோரு வருசம் இந்த டிரிப்பு.
மரத்தத் தாண்டுனதில்ல."

முள்ளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் நடந்தோம்.
கரையேறியவர் பேசவில்லை.
ஷூவைக் கழற்றினார்,
காலுறையை அதற்குள் திணித்தார்,
இறங்கினார்.
தண்ணீர் கணுக்கால் வரைதான்.
ஆனாலும் தோல் பையை
இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்,
வெள்ளத்தைக் கடக்கிறவர் போல.

தூரத்தில் ஹாரன்.
நீளமாக ஒன்று, கோபமாக இரண்டு.
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.
வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.
காரணம் என்று என்ன எழுதினாரோ.

அடுத்த வாரம் இரண்டு சீட்டு கிழித்தார்.
யாரு, எதுக்கு, ஒன்றும் இல்லை.
விசிலை வாயில் வைத்தவர்
எடுத்துவிட்டுக் கேட்டார்:
"இன்னும் தண்ணி இருக்குதான்னு
பாத்துட்டு வந்து சொல்லுங்க."