ஸ்லோ ஜெட்

இருநூற்றைம்பது வெள்ளிக்கு வந்தது.
நாற்பது குதிரை, மூன்று சிலிண்டர்,
மூடியில் பாதி உரிந்த கம்பெனிப் பெயர்.
மருதப்பன் மகன் கிள்ளானிலிருந்து வந்து
வீட்டைக் காலி செய்த அன்று
"எடுத்துக்குங்க அங்கிள்,
இல்லாட்டி இரும்புக் கடைக்குத்தான்" என்றான்.
அவன் அப்பனுக்கும் எனக்கும்
ஒன்பது வருஷம் பேச்சில்லை என்று
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை போலும்.
நானும் சொல்லவில்லை. எண்ணிக் கொடுத்தேன்.

ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட் இல்லாத வாரம்.
செம்பனை வேகும் புளித்த வாடை
ஹூத்தான் மெலிந்தாங் முழுக்கப் படுத்துக் கிடக்க
கொட்டகையில் பலகை போட்டு
மூன்று கார்புரேட்டரையும் கழற்றினேன்.
மூன்று ஐஸ்கிரீம் டப்பா:
மேல், நடு, கீழ்.
ஒன்றின் திருகு இன்னொன்றில் விழுந்தால்
விடிய விடிய அழ வேண்டியதுதான்.

கிண்ணத்துக்குள் பழைய பெட்ரோல்
பாகாய் இறுகிக் கிடந்தது.
பித்தளையில் பச்சை பூத்திருந்தது.
ஊசி முனையில் தேய்ந்த வளையம்.
இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

நடுவிலுள்ளதன் ஸ்லோ ஜெட்டில்
ஸ்க்ரூட்ரைவர் வழுக்கியது.
தலைப்பள்ளம் ஏற்கெனவே மழுங்கியிருந்தது.
எனக்கு முன்னால் யாரோ
அளவு தப்பிய முனையைப் போட்டு
திருகித் திருகித் தோற்றிருக்கிறான்.
கீழே உள்ளதிலும் அதே காயம்.
எண்ணெய் விட்டு, சூடு காட்டி,
ஒரு மணி நேரம் கெஞ்சி எடுத்து
ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
தலைமுடி நுழையும் துளை.
வெளிச்சம் வரவில்லை.

இந்தத் துளை அடைத்தால்
வேகத்தில் எஞ்சின் பிசகாது.
குறைத்தால் செத்துப்போகும்.
நடு ஆற்றில், ஓதம் இறங்குகிற இழுப்பில்,
மறுபடி உயிர் வருமென்று உறுதியில்லை.

அன்றும் ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது.
என் சம்பானில் காற்றாடி முள் முறிந்து
பெர்ணம் ஆறு என்னை வாய்க்குக் கொண்டுபோக
சட்டையைக் கழற்றி வீசினேன்.
மருதப்பன் பார்த்தான்.
ஒரு கையைத் தூக்கினான்.
வேகம் குறையவில்லை.
அவன் கிளப்பிய அலையில் வாளி கவிழ்ந்து
எட்டுக் கிலோ காலா இறால்
வந்த வழியே போயிற்று.

"தவுக்கே மாதிரி கை காட்டிட்டுப் போறான்"
என்று கோயில் வாசலில் வைத்துக் கத்தினேன்.
அவன் ஏதோ சொல்ல வந்தான்.
நான் கத்தி முடிக்கவில்லை.
சாவுக்குப் போய் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.

அடைத்தது அன்றைக்கு முன்னாலா பின்னாலா,
ஜெட்டில் தேதி இல்லை.
எஞ்சினை நிறுத்தித் துடுப்புப் போட்டிருக்கலாமே
என்று இப்போதும் ஒரு மனசு முனகுகிறது.

வேலை நின்றுவிடவில்லை.
இரும்புக் கம்பி ஆகாது, துளை பெருத்துவிடும்.
பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பிழை உருவி
நுழைத்து, இழுத்து, காற்றடித்து,
மறுபடி விளக்குக்கு நேரே.
ஊசி குத்தியது போல் ஒரு பொட்டு.
தெலுக் இந்தானிலிருந்து கேஸ்கெட் வரப் பதினோரு நாள்.
மிதவையை மட்டம் பார்த்து
திருகை முட்டும்வரை உள்ளே விட்டு
ஒன்றரைச் சுற்று வெளியே.

நீலத் தோங்கில் தண்ணீர் நிரப்பி
ஏழாவது இழுப்பில் பிடித்தது.
புகைக்குப் பயந்து பக்கத்து வீட்டுச் சரோஜினி
துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.
குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.
நிற்கவில்லை.
மூடிமேல் வைத்த தேத்தண்ணி
நடுங்கியது, சிந்தவில்லை.

அதன் பக்கத்தில் நின்று
ஒரு கையைத் தூக்கிப் பார்த்தேன்.
எப்படித் தூக்கினால் 'போடா',
எப்படித் தூக்கினால் 'முடியலடா'?
விரலை விரித்து, மடக்கி, கொஞ்சம் தாழ்த்தி.
தூரத்திலிருந்து
எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

"என்னா?" என்றாள் சரோஜினி ஜன்னலில்.
"ஒண்ணுமில்ல" என்றேன்,
கை இன்னும் மேலேயே இருந்தது.