உறை

மினுமினுப்பா, மங்கலா
என்கிறான் சால்மியா கடைப் பையன்.
எங்கள் அறையில் ட்யூப்லைட் நேர் உச்சியில்.
மங்கல்தான்.

ஆகஸ்டில் இங்கே விரல்நுனியும் வேர்க்கும்.
அளவு, அறுபத்து மூன்றுக்கு எண்பத்தெட்டு.
ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலும்
தூசி குடிவந்துவிடும்.

முதுகு கறுத்த உறையைத் தட்டிக் காட்டுகிறான்:
"இதுதான் உசத்தி. எந்தக் கறையும் தெரியாது."

கறை.
முதல் வெள்ளிக்கிழமையே
மீன்குழம்பு விரலோடு
ஜெயசிங் எடுத்தது புயல் அட்டையை.
இப்போது அது யார் கையில் என்று
நாலு பேருக்கும் தெரியும்.
தெரியாத முகத்தோடு
இரண்டு வருடமாக ஆடுகிறோம்,
அதற்குப் பயந்து பயந்து.

முதுகு தெரிகிற உறையே கொடு என்றேன்.
இரண்டு பாக்கெட்.

அறைக்கு வந்து
முதலில் நுழைத்தது அதைத்தான்.
தேட வேண்டியிருக்கவில்லை.